அக்கா தினமும் விசாரித்த எலி

2002, ஆகஸ்ட் 19, திங்கட்கிழமை. காலை ஐந்தேகாலுக்கு எழுந்தேன். பால் பாக்கெட் வாங்கி வந்து அடுப்படியில் வைத்தேன். காவேரித் தண்ணீர் விடும் நாள். முதலில் டிரம், பிறகு குடங்கள், கடைசியில் பாத்ரூம் தொட்டி என்று வழக்கமான வரிசையில் நிரப்பினேன். ஷேவிங், குளியல், இரண்டு தோசை. ஷூவைத் துணியால் துடைத்துக்கொண்டு ஏழரைக்கு ஒக்கலிபுரம் வீட்டிலிருந்து கிளம்பினேன். ரயில் நிலையத்தைத் தாண்டி மெஜஸ்டிக் போய்த்தான் எனக்குப் பஸ்.

கிளம்பும்போது அக்கா வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள்.

"நம்ம ஆளக் கேட்டதா சொல்லு," என்றாள்.

சரி என்று தலையாட்டினேன். அவள் 'நம்ம ஆள்' என்றது ஒரு கறுப்புப் பெண் எலியை. அன்று மதியத்துக்குள் அதைக் கொல்லப்போகிறோம் என்பதும், கொல்லப்போகிறவன் நான்தான் என்பதும் எனக்குத் தெரியும். தேதி பரிசோதனை தொடங்கும்போதே குறித்தது. தலையாட்டிவிட்டுத் தெருமுனை வரை வேகமாக நடந்தேன்.

அப்போது நான் நகரத்தின் வடக்குப் பக்கத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் விலங்குக் கூடத்தின் பொறுப்பாளனாக இருந்தேன். விஞ்ஞானி அல்ல. எலிகளின் தீனி, தண்ணீர், கூண்டில் போடும் மரத்தூள், விளக்கு எரியும் நேரம், அணையும் நேரம், எடை, கட்டி இருந்தால் அதன் நீள அகலம், இவையெல்லாவற்றையும் பார்த்துக் குறித்துவைப்பது என் வேலை. உள்ளே போகுமுன் அங்கேயே ஒருமுறை குளித்து, நிலையத்துச் சட்டை போட்டு, முகமூடி கட்டி, ரப்பர் செருப்புக்கு மாற வேண்டும். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. கூண்டுகள் ஒரே இடைவெளியில் நிற்கும். ஒவ்வோர் எலிக்கும் காதில் அடையாள ஓட்டை இருக்கும். எது எதுவென்று குழப்பம் வராது.

அந்த வருடம் எங்களிடம் நடந்தது புற்றுநோய்க்கும் உடம்பின் காவலுக்கும் இடையே உள்ள ஒரு புரதத்தைப் பற்றிய பரிசோதனை. அதை அக்காவுக்குச் சொன்னவன் நான். எப்படிச் சொன்னேன் என்பதை முதலில் எழுத வேண்டும்.

அக்கா பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். தைத்து வரும் சட்டைகளைப் பார்த்துத் தேறியது, தேறாதது என்று பிரிக்கிற வேலை. அவள் கணவர் இறந்த பிறகு ஃபேக்டரிக்குப் பக்கத்திலேயே ஒற்றை அறை எடுத்துத் தனியாக இருந்தாள். ஆனி மாதத்தில் இடது மார்பில் ஒரு கட்டி என்று மருத்துவமனைக்குப் போனவளை, ஊசியால் எடுத்துச் சோதித்துவிட்டுப் புற்றுநோய் என்றார்கள். நான் போய் அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அவள் அழவில்லை. சாப்பாடுதான் குறைந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். என்னிடம் கேட்டாள்:

"ஆமா, நீ எலிய வெச்சிக்கிட்டு என்னதான்டா பண்றே அங்க? கேட்டா ஒரு நாளும் சொல்ல மாட்டே."

அவளிடம் பேசுவதற்கு ஒரு விஷயம் கிடைத்ததே என்று நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

"உன் லைன்ல செக்கர் என்ன பண்ணுவாக்கா?"

"என்ன பண்ணுவா? காலரப் பாப்பா, கஃப்பப் பாப்பா, சைடு தையலத் திருப்பிப் பாப்பா. ஒரு தையல் விட்டிருந்தாலும் தூக்கித் தனியாப் போட்டுடுவா."

"உடம்புக்குள்ளயும் அந்த மாதிரி செக்கர் உண்டு. ரத்தத்துல இருக்கு. டி செல்னு பேரு. ஒவ்வொரு செல்லையும் தடவித் தடவிப் பாத்துக்கிட்டே போகும். கெட்டுப்போனது கெடச்சா அங்கயே அழிச்சிடும்."

"அப்ப என் உடம்புல இருக்கறவ தூங்கிட்டாளா?"

"தூங்கல. பாத்துடறா. பாத்தும் கை வைக்க முடியல. உங்க ஃபேக்டரில ஷிப்மென்ட் அன்னைக்கு என்ன நடக்கும்?"

அக்கா சிரித்தாள். நோய் என்று தெரிந்த பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

"லாரி வாசல் கேட்டுக்கிட்ட நிக்கும். ஃப்ளோர் இன்சார்ஜ் ஓடி வருவான். செக்கர் கைமேல கைய வெச்சு, 'அம்மா தாயே, இன்னைக்கு ஒரு நாள் கை வைக்காதே, போகட்டும் விடு'ம்பான்."

"அதேதான். அந்தக் கை மாதிரி ஒரு புரதத்தக் கட்டி தன்மேல வெச்சிருக்கு. செக்கர் கிட்ட வந்ததும் அது அவ கையப் புடிச்சுக்கும். அவ விட்டுட்டுப் போயிடுவா."

"கட்டிக்கு அவ்ளோ சாமர்த்தியமா?"

"அதுவா கண்டுபுடிச்சதில்ல. நல்ல செல்லுங்களுக்காக உடம்பே வெச்சிருக்கற ஏற்பாடு அது. இன்சார்ஜ் யாருமே இல்லன்னு வெச்சுக்க. செக்கர் பாட்டுக்கு எல்லாத்தையும் ரிஜெக்ட் பண்ணா என்ன ஆகும்?"

"ஒரு சட்ட வெளிய போகாது. புதுசா வர்ற பொண்ணுங்க அப்படித்தான் பண்ணும். நூல் பிசிறு தெரிஞ்சாப் போதும், தூக்கி எறிஞ்சிடும்."

"உடம்புலயும் அப்படித்தான். தடுக்க ஆள் இல்லன்னா செக்கருங்க நல்ல குடலையும் நல்ல மூட்டையும் சேத்து அழிச்சிடும். அதுக்கு வெச்ச தடுப்ப, கட்டி எடுத்துத் தனக்கு மாட்டிக்கிட்டிருக்கு."

டி செல்லின் மேல் அந்தக் கை பிடித்துக்கொள்ளும் இடத்துக்கு பிடி-1 என்றும், கட்டி நீட்டும் கைக்கு பிடி-எல்1 என்றும் பெயர். அந்தப் பெயர்களை நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அவள் எனக்கு முன்பாகவே அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

"அந்தக் கையத் தட்டிவிட முடியாதா?"

"அதுக்குத்தான் ஊசி. ஆன்டிபாடின்னு ஒண்ணு. அது போய் அந்தக் கைய மூடிக்கும். புடிக்க முடியாது. செக்கர் அவ வேலையப் பாப்பா."

"யாருக்குப் போட்டீங்க?"

"எலிக்கு."

"போட்டு?"

"கட்டி கரையுதுக்கா. சிலதுக்கு இருந்த எடமே தெரியல."

அவள் கையிலிருந்த பூண்டைத் தட்டில் வைத்தாள். என்னையே பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை எழுதாமல் விட முடியாது. வாழ்க்கையில் முதல்முறையாக என் வேலை வீட்டில் ஒருவருக்குப் பயன்பட்டதுபோல் இருந்தது.

நான் சொன்னதில் ஒரு வாக்கியமும் பொய் இல்லை. பிற்பாடு எத்தனையோ முறை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டேன், எல்லாம் சரி. சொல்லாமல் விட்டவைதான் கிடக்கின்றன. கட்டியை அந்த எலிகளுக்குள் வைத்தவர்கள் நாங்களே என்று சொல்லவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, கட்டியை ஒன்றும் செய்யாத வேறு ஆன்டிபாடி போட்ட கூண்டுகளில் கட்டி பெருத்து எலிகள் துவண்டதைச் சொல்லவில்லை. குணமானதையும் குறித்த நாளில் கொன்று திறந்து பார்ப்போம் என்று சொல்லவில்லை. வெளிநாடுகளில் இந்த வகை மருந்துகளில் ஒன்றை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க இப்போதுதான் தொடங்கியிருக்கிறார்கள், இங்கே ஒரு நோயாளிக்கு அது கிடைக்க எத்தனை வருடம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது என்பதையும் சொல்லவில்லை. அவள் கேட்கவில்லை என்பது என் சமாதானம்.

மறுநாளிலிருந்து நான் வீட்டுக்குள் நுழையும்போதே விசாரணை தொடங்கிவிடும். எந்த எலிக்கு நன்றாகக் கரைகிறது என்று கேட்டாள். இரண்டாம் கூண்டில், வலது காதில் இரண்டு ஓட்டை போட்டது என்றேன். அன்றிலிருந்து அது அவளுக்கு 'நம்ம ஆள்' ஆகிவிட்டது.

"நம்ம ஆள் எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா."

"தின்னுதா?"

"தின்னுது. எடை ஏறியிருக்கு."

"பாரேன்!" என்று என் மனைவியிடம் திரும்புவாள். "சாப்பாடு எறங்குதாம் அவளுக்கு." சொல்லிவிட்டுத் தானும் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொள்வாள். அதைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாக இருக்கும். அதனால் அடுத்த நாளும் சொல்வேன்.

மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை செய்யும் டாக்டரம்மா ஜூலை மாதக் கடைசியில் ஒரு நாள் குறித்துக் கொடுத்திருந்தார். மார்பை எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று என் முன்னாலேயே சொன்னார். அக்கா வீட்டுக்கு வந்ததும், "ஆடி மாசமா இருக்கே. ஆடியில ஒடம்புல கத்தி வைக்க வேணாம். போகட்டும்," என்றாள்.

அவள் ஆடி பார்க்கிறவள் அல்ல. ஆடியில்தான் பொம்மனஹள்ளி அறைக்குப் பால் காய்ச்சிக் குடிபோனாள். அறையைக் காட்டியவர் வேண்டாம் என்றபோது, "வாடகைக்கு என்னங்க ஆடி, ஆவணி?" என்று கேட்டவள். அவள் காத்திருந்தது ஆடி முடிவதற்காக அல்ல, ஊசிக்காக. அது எனக்குத் தெரியும். என் மனைவிக்கும் தெரிந்திருந்தது.

"எலிக் கதைய நிறுத்துங்க," என்றாள் ஒரு நாள், துணி காயப்போடும் இடத்தில். "அவங்க அதத்தான் கெட்டியாப் புடிச்சிட்டிருக்காங்க."

"நான் பொய் ஒண்ணும் சொல்லலையே."

"பொய்னு யார் சொன்னா? நிறுத்துங்கன்னேன்."

நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏன் என்று அக்கா கேட்பாள். கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு சின்ன நல்ல செய்தி சொல்வது அதைவிடச் சுலபமாக இருந்தது. இப்படியாக ஆடி முழுவதும் போயிற்று. மருத்துவமனை கொடுத்த தேதியும் போயிற்று.

அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

பரிசோதனையை நடத்தியவர் தார்வாட் பக்கத்திலிருந்து வந்த இளம் விஞ்ஞானி. நாங்கள் மேடம் என்போம். என்னிடம் கன்னடத்தில்தான் பேசுவார். விலங்குக் கூடத்தில் மேசையைத் துடைத்து, கத்தரிகளை வரிசையாக அடுக்கி முடித்ததும் நான் அவரிடம் போனேன்.

"மேடம், ரெண்டாவது கூண்டுல ஒண்ண மட்டும் விட்டுடலாமா?"

அவர் ஆச்சரியப்பட்டார். அத்தனை வருடத்தில் நான் அப்படிக் கேட்டதில்லை. "எது?"

"வலது காதுல ரெண்டு ஓட்டை. நல்லா குணமாயிடுச்சு. பாவம்."

அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் என்ன செய்திருப்பாரோ தெரியாது. வீட்டு விஷயத்தைக் கூடத்துக்குள் கொண்டுவருவது எனக்கு வழக்கமில்லை.

"குணமானதாலதானே சார் அதப் பாக்கணும்," என்றார் மேடம். கோபமில்லாமல், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல். "கட்டி இருந்த எடத்துல டி செல் எவ்வளவு வந்திருக்கு, மண்ணீரல்ல என்ன நடந்திருக்கு, வேற எங்கயாவது நல்ல உறுப்பு கெட்டிருக்கா, எல்லாம் திறந்தாத்தானே தெரியும்? அடுத்த பேட்ச்ல குணமானத வெச்சிருப்போம். அதுங்களுக்கும் மறுபடி கட்டி போட்டுப் பாக்கத்தான் போறோம்."

அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது? ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைத்து, கார்பன் டை ஆக்சைடு மெதுவாக ஏறும்படி குழாயைத் திறந்தேன். வேகமாகத் திறந்தால் அவை திணறும். அந்த வேலையில் நான் அவசரப்பட்டதில்லை, அன்றும் படவில்லை. நம் ஆள் கண்ணாடியோரம் மோந்து பார்த்துக்கொண்டு வந்தது. முன்னங்காலைத் தூக்கி ஒருமுறை நின்றது. பிறகு படுத்தது. நான் விரலால் தொட்டு, மூச்சில்லை என்று உறுதி செய்துகொண்டு, மேடத்தின் பக்கம் நகர்த்தினேன்.

திறந்தபோது நானும் குனிந்து பார்த்தேன். கட்டி இருந்த இடத்தில் வெள்ளையாக, நூல் ஒட்டினதுபோல ஒரு தழும்பு மட்டும். ஈரல் சுத்தம், குடல் சுத்தம், நுரையீரல் சுத்தம். மேடம் கையுறையோடு இரண்டு கையையும் தூக்கி வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்து அறைகளிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டார். எல்லோரும் வந்து அந்தத் தழும்பைப் பார்த்தார்கள்.

ஏதாவது கோளாறு தெரிந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று அப்போது தோன்றியது. குடலில் கொஞ்சம் சிவப்பு, ஈரலில் ஒரு புள்ளி, ஏதோ ஒன்று. வீட்டில் போய், 'அது சரிப்பட்டு வரலக்கா' என்று சொல்லியிருக்கலாம். அந்த எலி முழுக்க முழுக்கக் குணமாகியிருந்தது. நான் அதைக் கொன்றிருந்தேன்.

மாலையில் மேடம், தன் ஊரிலிருந்து வந்திருந்த தார்வாட் பேடாவை எல்லோருக்கும் கொடுத்தார். வேண்டாம் என்றேன். "வீட்டுக்காவது எடுத்துட்டுப் போங்க," என்று நாலைந்தைக் காகிதத்தில் சுற்றி என் பையிலேயே வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தபோது, டிபன் பாக்ஸை எடுக்கப் பையைத் திறந்தது அக்கா. பொட்டலத்தைப் பிரித்து வாசம் பார்த்தாள்.

"பேடாவா? என்னடா விசேஷம்?"

நான் துண்டால் முகத்தைத் துடைத்தேன். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஆபீஸ்ல குடுத்தாங்க."

"சும்மாவா குடுப்பாங்க?" அவள் முகம் மாறியது. அந்த மாற்றத்தை என்னால் மறக்க முடியவில்லை. "டேய், ஊசிதானே? ரெடியாயிடுச்சா? ஆளுங்களுக்குப் போடலாம்னுட்டாங்களா?"

சமையலறை வாசலில் என் மனைவி வந்து நின்றாள்.

"உக்காருக்கா," என்றேன்.

"நின்னுக்கிட்டே கேப்பேன். சொல்லு."

"ஊசி ஆளுங்களுக்கு வரலக்கா. இங்க வர ரொம்ப வருஷம் ஆகும். வருமான்னும் தெரியாது."

"பின்ன எதுக்கு ஸ்வீட்டு?"

"அந்த எலி... நம்ம ஆளு. உள்ள திறந்து பாத்தோம். கட்டி துளிகூட இல்ல. அதுக்கு."

அவளுக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. "திறந்துன்னா?"

"இன்னைக்கு எல்லா எலியையும் கொன்னு பாக்கற நாள்."

"குணமானதயா?"

"குணமானதையும்தான்."

"யாரு கொன்னா?"

"நான்தான்."

பேடா பொட்டலத்தை அவள் டி.வி. மேல் வைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். "நல்லா ஓடுதே, தின்னுதேன்னு நீதானே டெய்லி வந்து சொன்னே? அதுல தெரியலயாமா குணமாயிடுச்சுன்னு? வயித்தக் கிழிச்சாத்தான் தெரியுமாமா?"

"எப்படிக் குணமாச்சுன்னு தெரிஞ்சாத்தான் அடுத்து ஏதாவது பண்ண முடியும்."

"நோவு வந்து அவதிப்பட்ட சீவன்டா அது. பொழச்சு எழுந்ததக் கொண்டுபோய்..."

இங்கே நான் நிறுத்தியிருக்கலாம். அவள் கோபம் ஆறியிருக்கும். ஆனால் எழுதிவைக்கும் பழக்கமுள்ளவனுக்கு, பாதி சொன்னது முள்போல உறுத்தும். அதோடு, அன்று சொல்லாவிட்டால் நான் இனி எப்போதும் சொல்லப்போவதில்லை என்பதும் தெரிந்திருந்தது.

"அதுக்கு நோவு தானா வரலக்கா. கட்டி செல்ல ஊசியில எடுத்து நாங்கதான் போட்டோம். எல்லா எலிக்கும். ரெண்டு வாரம் வளரவிட்டு, அப்புறம் மருந்து குடுத்தோம். பாதி எலிக்கு அந்த மருந்தே குடுக்கல. அதெல்லாம் பொழைக்கல."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்களே போட்டீங்களா?"

"ஆமா."

"நான் என்னமோ எலி ஆஸ்பத்திரின்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்," என்றாள் மெதுவாக. "நோவு வந்த எலியெல்லாம் பாத்துப் பாத்து வைத்தியம் பண்றே, புண்ணியம்னு. ஃபேக்டரில போன்ல ரெண்டு பேர்கிட்ட சொல்லிக்கூட வெச்சேன்." பிறகு, "எனக்கு யாருடா போட்டா?" என்று கேட்டாள்.

"உனக்கு யாரும் போடலக்கா. அதனாலதான் இந்த எலிய வெச்சு உனக்கும் அப்படியே ஆகும்னு சொல்லக் கூடாது. அதுக்கு நாங்க போட்டது எந்தக் கட்டின்னு தெரியும், என்னைக்குப் போட்டோம்னு தெரியும். உனக்கு அது எத்தனை வருஷமா உள்ள இருக்கோ. இந்த ஊசி உனக்கு வேலை செய்யுமான்னு யாருக்கும் தெரியாது. ஆபரேஷன் தெரிஞ்ச வழி. நான் முதல் நாளே இதச் சொல்லியிருக்கணும். சொல்லாம உன்ன ஆடி முழுக்க உக்கார வெச்சிட்டேன்."

இதைச் சொல்லும்போது என் குரல் ஆபீஸில் அறிக்கை வாசிப்பதுபோல் இருந்தது. வேறு குரல் வரவில்லை.

அக்கா எழுந்து உள்ளே போனாள். அழப்போகிறாள் என்று நினைத்து என் மனைவி பின்னால் போகப் பார்த்தாள். ஆனால் அவள் உடனே திரும்பி வந்தாள். கையில் தையல் டேப். ஃபேக்டரியில் சட்டை அளக்கும் மஞ்சள் டேப். அதை என் மடிமேல் போட்டாள்.

"டெய்லி குளிக்கும்போது இத வெச்சுப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். ஆடி பொறந்தப்போ ஒரு இன்ச்சுக்கு உள்ள. இப்ப ஒண்ணரையத் தாண்டுது."

"அக்கா!" என்றாள் என் மனைவி.

"வளந்திருக்குடா," என்றாள் அக்கா என்னிடம். "எனக்குத் தெரியாதா? பீஸ் பீஸா அளந்தே பொழப்ப ஓட்டினவ நான்."

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா நீ எலியப் பத்திப் பேசறத நிறுத்திடுவே."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. சட்டையில் தையல் எங்கே விட்டது என்று காட்டுவதுபோலச் சொன்னாள். நான் டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தேன். கூடத்தில் எத்தனை எலிகளின் கட்டியை அளந்திருப்பேன். ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் மறுபடி அளந்து பார்ப்பேன். ஒரே வீட்டில் இருந்தவளிடம், 'இப்ப எப்படி இருக்குக்கா?' என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. எங்கே அதைக் கேட்க வேண்டிவருமோ என்று பயந்துதான் எலியைப் பற்றி அத்தனை பேசினேனோ என்று அன்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

"என்னை மன்னிச்சிடுக்கா," என்றேன்.

"மன்னிப்பெல்லாம் அப்புறம் பாக்கலாம்." அவள் என் மனைவியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று அதற்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசவில்லை. தோசை வார்க்கும்போது, எனக்குக் கேட்கும்படி அவளிடம்தான் சொன்னாள்: "நாளைக்கு உன் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கூட வர்றாரா, இல்ல எலியப் பாக்கப் போகணுமான்னு கேளு."

"வர்றேன்," என்றேன்.

"கேளுன்னுதான் சொன்னேன். அவர என்ன, பதில் சொல்லச் சொன்னனா?"

என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "நாளைக்குச் செவ்வாய்க்கிழமைக்கா. புதன்கிழம போகலாமே," என்றாள்.

"கட்டி என்ன கிழமை பாத்தா வளருது? எடுத்து வை அந்த ரிப்போர்ட்டெல்லாம்."

அந்தப் பேடாவை யாரும் தொடவில்லை. டாக்டரம்மா என்ன சொல்வார், இனி எடுத்தால் போதுமா, அக்குளுக்குப் பரவியிருக்குமா, பரவியிருந்தால் அது இந்த ஆடியில்தான் பரவியதா என்று படுத்தபடி யோசித்தேன். கடைசிக் கேள்விக்குப் பதில் எந்தப் பரிசோதனையிலும் தெரியாது. கூடத்தில் என்றால், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூண்டு இருக்கும். அக்கா ஒருத்திதான்.

செவ்வாய்க்கிழமை காலை எழுந்ததும் பால் வாங்கப் போகவில்லை. முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு மருத்துவமனைக்குப் போய், இருட்டு விலகுமுன் டோக்கன் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு குடும்பம் மட்டும் இருந்தது. பின்னாலேயே ஆட்டோவில் வந்து இறங்கிய அக்கா, பெஞ்சில் உட்காரச் சொல்லியும் உட்காராமல், ரிப்போர்ட் பையை மார்போடு அணைத்துக்கொண்டு கவுன்ட்டர் திறக்கும்வரை என் பக்கத்திலேயே நின்றாள்.